ஏழும் எட்டும் இல்லாத வரிசை

தம்பிக்கு, அப்பா எழுதுவது.

உனக்கு விசா வந்துவிட்டது. இன்னும் பதினாறு நாளில் மஸ்கட் போய்விடுவாய். பெட்டி வாங்கியாகிவிட்டது, அம்மா பருப்புப் பொடிக்கு மிளகாய் காய வைத்துவிட்டாள், உன் மாமா தெருவில் போகிற வருகிறவர்களிடமெல்லாம் உன் சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மட்டும் ஒரு வேலையும் செய்யாமல் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அம்மாவுக்குக் கோபம். பேப்பரில் நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். நேரில் சொல்லலாமென்று வாயைத் திறந்தால் "சாப்டியா, வண்டிக்கு ஆயில் மாத்துனியா" என்றுதான் வருகிறது. இத்தனை வருடமாக அப்படித்தான் வந்தது. இனி தள்ளிப்போட நாள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

வெளிநாடு போகிற பிள்ளைக்கு அப்பன் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். அதை முதலிலேயே முடித்துவிடுகிறேன். பாஸ்போர்ட்டின் நகலை இரண்டு இடத்தில் வைத்துக்கொள். வெயிலைக் கேலி செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குப் போன் பண்ணு, பேச விஷயம் இல்லையென்றாலும் பண்ணு. மீதிக் கடிதம் முழுக்க குமரேசன் மாஸ்டரைப் பற்றியது. அந்தப் பெயரைப் பார்த்ததும் இதை மடித்து வைத்துவிடத் தோன்றும். மடிக்காதே. உன்னைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. திட்டு வாங்க வேண்டியவன் நான்தான்.

நீ ஆறாம் வகுப்பு படித்தபோது உன்னை அவரிடம் சேர்த்தேன். மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் வாரத்தில் மூன்று நாள் மாலையில் கராத்தே வகுப்பு. பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில். பகலெல்லாம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிற ஒல்லி ஆள், என்னைவிட ஆறு வயது சின்னவர். ரேஷன் கடையில் நாலு பேர் முந்திப் போனாலும் ஒன்றும் சொல்லாமல் நிற்பார். இவரா என் பிள்ளைக்குச் சண்டை சொல்லிக் கொடுக்கப்போகிறார் என்று நான் உன் அம்மாவிடம் சிரித்தது நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பு ஒரு மாதத்தில் நின்றது. மைதானத்து வேலியோரம் உனக்காகக் காத்து நின்ற மாலைகளில் அவரைக் கவனித்தேன். ஒரு பிள்ளையை அவர் அடித்துப் பார்த்ததில்லை, கத்திப் பார்த்ததில்லை. தப்பாக நிற்கிறவன் பக்கத்தில் போய்த் தானும் அதே தப்போடு நிற்பார். பையன் அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் காலைப் பார்த்துக்கொண்டு, தானே சரி செய்துகொள்வான்.

அவர் வகுப்பில் பெயர் கிடையாது, எண்தான். சேருகிறபோது ஒரு எண் கிடைக்கும். ஒருவன் வகுப்பை விட்டு நின்றுவிட்டால்தான் அந்த எண் அடுத்து சேருகிறவனுக்குப் போகும். வகுப்பு தொடங்கும்போது பிள்ளைகள் வரிசையில் நின்று ஒன்று, இரண்டு என்று அவரவர் எண்ணைக் கத்த வேண்டும். வராதவனுடைய எண் வந்தால் வரிசை ஒரு மூச்சு நேரம் சும்மா இருக்கும், பிறகு அடுத்தவன் கத்துவான். இந்த எண்ணிக்கையை அவர் முதுகைக் காட்டிக்கொண்டுதான் கேட்பார். பிள்ளைகள் பின்னால், அவர் கடலைப் பார்த்தபடி. ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "சண்டையில எதிராளி முன்னாடிதான் நிப்பான்னு யார்ண்ணே சொன்னது? காதுக்கும் வேலை குடுக்கணும்" என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அதை ஃபேக்டரியில் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

உன் எண் எட்டு. உனக்கு இடப்பக்கம் ஏழு, வினோத். ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அப்பாவின் போட் கரைக்கு வந்தால் மீன் இறக்கிக் கொடுத்துவிட்டுத்தான் வகுப்புக்கு ஓடி வருவான். நேரம் தப்பி வந்தால் மணலில் ஐம்பது தோப்புக்கரணம். அதனால் அவன் வராத நாளில் நீ அவனுக்காக "ஏழு" என்று கத்துவாய், அவனுடைய உடைந்த கட்டைக் குரலில். அடுத்த மூச்சில் உன் குரலில் "எட்டு". வேலியோரமும் மணலோரமும் நின்று இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். கண்டித்தேனா? இல்லை. "மிமிக்ரி நல்லா வருதுடா உனக்கு" என்று முதுகில் தட்டினேன். அதோடும் விடவில்லை. அந்த வருடக் கிறிஸ்துமஸ் அன்று மத்தியானம் மாமா வீட்டார் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "டேய், வினோத் எப்புடி ஏழு சொல்லுவான், செஞ்சு காட்டு" என்று உன்னை எழுப்பி நிற்க வைத்தது நான்தான். நீ செய்தாய். பிரியாணி புரையேறும் அளவுக்கு எல்லாரும் சிரித்தோம். இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டதும் நான்தான்.

மறுநாள் ஞாயிறு. பூசைக்கு வரச் சொல்லி அம்மா உன்னை எழுப்பினாள். "நேத்துதான வந்தான், இன்னிக்கி கிளாஸுக்குப் போவட்டும் வுடு" என்றேன். அதற்குப் பிறகு நடந்த எதையும் நான் கண்ணால் பார்க்கவில்லை. மற்ற பிள்ளைகள் சொன்னதையும், வெகுகாலம் கழித்து மாஸ்டர் சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். தப்பிருந்தால் நீ திருத்து.

அன்றைக்கு வினோத் நேரத்துக்கே வந்துவிட்டான். பாதி வகுப்பில் கொஞ்ச நேரம் ஓய்வு விட்டபோது, "அப்பா போட்ல தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன் மச்சான்" என்று உன்னிடம் சொல்லிவிட்டு மீனவர் குப்பத்துப் பக்கம் ஓடினான். கொஞ்ச நேரத்தில் கடல் உள்ளே போனது. பிறகு தண்ணீர் ஏறி வந்தது. செருப்பு, பை எதையும் எடுக்க விடாமல் மாஸ்டர் உங்களை ரோட்டுக்கு விரட்டினார். முட்டி வரை நனைந்து, ரோட்டில் வரிசையாக நின்றீர்கள். அவர் பழக்கத்தில் கடல் பக்கம் திரும்பிக்கொண்டு, "எண்ணு" என்றார். ஆறு வரை வந்தது. பிறகு அந்த ஒரு மூச்சு. பிறகு "ஏழு" என்று கேட்டது. "எட்டு" கேட்டது. பதினொன்று வரை கேட்டது. எல்லார் கண்ணும் கடல்மேல்தான், பக்கத்தில் யார் நிற்கிறான், யார் இல்லை என்று எந்தப் பிள்ளையும் பார்க்கவில்லை. "சரி, நிக்காதீங்க, ஊருக்குள்ள ஓடுங்க" என்று அவரும் உங்களோடு ஓடி வந்தார். அடுத்து வந்த தண்ணீர் அந்த ரோட்டையே மூடியது. வினோத் மறுநாள் சவுக்குத் தோப்பில் கிடைத்தான். இடுப்பில் ஆரஞ்சு பெல்ட் அவிழாமல் இருந்ததாம்.

மூன்றாம் நாள் மதியம் நான் வீட்டுக்கு வந்தேன். அம்மா பங்குக் கோயில் கூடத்தில் தங்கியிருந்த குப்பத்து ஜனங்களுக்குச் சோறு எடுத்துப் போயிருந்தாள். வீட்டின் பின்பக்கம், பாத்ரூம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வினோத்தின் குரல் கேட்டது. "ஏழு." கொஞ்சம் நிறுத்தி மறுபடி, "ஏழு." செத்த பிள்ளை என் வீட்டுக் கொல்லையில் நின்று வருகை சொல்கிறான் என்று ஒரு கணம் நிச்சயமாக நம்பினேன். எட்டிப் பார்த்தால் நீ. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அவன் குரலில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய். அச்சு அசலாக அவன் குரல் மாதிரி இருக்கிறதா, யாராவது நம்பியிருப்பார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். ரோட்டில் என்ன நடந்தது என்று அந்த நிமிடத்தில் எனக்கு விளங்கிவிட்டது.

அப்போது உன்னிடம் வந்து உன்னைக் கட்டிக்கொண்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? சத்தம் போடாமல் வாசலுக்குப் போய், கேட்டைத் திறந்து மூடி, இருமிக்கொண்டு மறுபடி உள்ளே வந்தேன். நீ முகம் கழுவிக்கொண்டு வந்தாய். "என்னாடா பண்றே?" என்றேன். "ஒண்ணுமில்லப்பா" என்றாய். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நீ இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். தெரியும், தம்பி. அன்றிலிருந்தே தெரியும்.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் எல்லாரையும் கூப்பிட்டார்கள். வினோத்தின் அப்பா ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தார். அவனுடைய மாமா மட்டும் எழுந்து போய் மாஸ்டரின் சட்டையைப் பிடித்தார். "பத்து புள்ளைய கூட்டிட்டு ஓடுன, ஒன்ன வுட்டுட்டு ஓடுனியேடா. எண்ணிப் பாக்கல நீ?" என்று கேட்டார். மாஸ்டர் கையைத் தட்டிவிடவில்லை. அவர் நினைத்திருந்தால் ஒரு நொடியில் விடுவித்துக்கொண்டிருக்க முடியும். "எண்ணுனேன். தப்பா எண்ணிட்டேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சொல்லும்போது ஒருமுறை என் பக்கம் பார்த்தார். நான் இரண்டு கையையும் முட்டியின்மேல் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். என் பிள்ளை தப்பித்தான் என்ற நினைப்பு மட்டும்தான் எனக்கு அப்போது இருந்தது. பக்கத்திலிருந்தவர்கள் "புள்ளைங்கள நம்பி அனுப்புனா இப்புடியா" என்று பேசியபோது நானும் தலையை ஆட்டினேன். ஆமாம், ஆட்டினேன். என் வாழ்க்கையில் நான் செய்த மிகக் கேவலமான காரியம் அதுதான்.

ஒரு வருடத்துக்குள் அவருடைய வகுப்பில் யாரும் இல்லை. ஜெராக்ஸ் கடை முதலாளிகூட வேறு ஆள் பார்த்துக்கொண்டார். மாஸ்டர் சிதம்பரம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம். அந்தச் செய்தியை அம்மா சொன்னபோது நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகு நம் வீட்டில் ஏழு என்ற எண் செத்துப்போயிற்று. கடைக்கு அனுப்பினால் "ஆறு முட்டை, அப்புறம் ஒண்ணு" என்று கேட்பாய். கடைக்கார அண்ணாச்சி அதைக் கேலி செய்வார், நீயும் சிரித்து வைப்பாய். நான் உள்ளுக்குள் நொறுங்குவேன். எனக்கும் அது வேறு விதமாக வந்தது. குடிகாட்டுப் பக்கம் எங்கள் கெமிக்கல் ஃபேக்டரியில் மாதம் ஒருமுறை சைரன் ஒத்திகை உண்டு. சைரன் அடித்ததும் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு ஓரிடத்தில் கூடி, வரிசையாக எண் சொல்ல வேண்டும். ஒரு ஒத்திகையில், கேன்டீனில் டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டாளிக்காக ஒருத்தன் அவன் எண்ணையும் சேர்த்துக் கத்தினான். எனக்கு என்ன ஆயிற்றென்றே தெரியவில்லை. வரிசையை விட்டுப் போய் அவன் கன்னத்தில் அறைந்துவிட்டேன். அப்பாவுக்கு ஃபேக்டரியில் சண்டை, மெமோ வாங்கிவிட்டார் என்று வீட்டில் பேசிக்கொண்டது நினைவிருக்கிறதா? அந்தச் சண்டை அதுதான். நான் அறைந்தது அவனை இல்லை. கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் "இன்னொரு தடவை" என்று கேட்டவனை அறைந்தேன்.

நீ பிளஸ் ஒன் சேர்ந்த வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரம் பஸ் ஏறினேன். மாஸ்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, காலைப் பிடித்து மன்னிப்புக் கேட்பது என்று முடிவு செய்திருந்தேன். ஊருக்கு வெளியே ஒரு ரைஸ் மில்லில், நெல் காயப்போடும் களத்தில் அவர் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தார். மில்காரர்கள் நெல்லைக் கொட்டி விரிப்பதற்கு முன்னால், காலை ஏழரை வரைதான் களம் அவருக்கு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறவில்லை. "மாஸ்டர், ஒரு விஷயம் பேசணும்" என்றேன். "வாங்கண்ணே. பேன்ட்ட மடிச்சி வுட்டுகிட்டு வரிசையில நில்லுங்க. பேச்சு அப்பறம்" என்றார்.

நின்றேன். நாற்பத்தாறு வயதில், தொப்பையோடு, எட்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில். அன்றைக்கு வகுப்பு முடிந்தபோது பேச மூச்சு இல்லை. அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான். இப்படியே ஒவ்வொரு ஞாயிறும் மன்னிப்புக் கேட்கப் போய் ஒரு குத்தோ ஒரு தடுப்போ கற்றுக்கொண்டு திரும்பினேன். உன்னிடம் சுகருக்கு யோகா கிளாஸ் என்று சொன்னது இதைத்தான். கொடியில் காய்ந்த வெள்ளை உடுப்பைப் பார்த்து, யோகாவுக்கு இவ்வளவு முரட்டுத் துணியா என்று கேட்டாயே, அம்மா பேச்சை மாற்றினாளே, அதுவும் இதுதான். பச்சை பெல்ட் வரை வந்தேன். அதற்கு மேல் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் எனக்கு அங்கிள் என்று பெயர் வைத்து, அங்கிளோடு சண்டை பயிற்சி என்றால் போட்டி போட்டுக்கொண்டு வருவார்கள், சுலபமாக விழுவேன் என்பதால்.

அந்தக் களத்தில்தான் அவரை எனக்கு முழுதாகத் தெரிந்தது. விடிவதற்குள் வந்து, முந்தின நாளின் நெல்மணி ஒன்றுகூடப் பிள்ளைகள் காலில் குத்தாதபடி தானே பெருக்குவார். கட்டணம் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை எது என்று பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியாது. என்னை அவர் ஒரு வார்த்தை குறைவாகப் பேசியதில்லை, நான் அந்தக் கூட்டத்தில் தலையாட்டியதைப் பார்த்தவர். ஒன்று மட்டும் மாறியிருந்தது. எண்ணிக்கையின்போது இப்போது முதுகைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டே கேட்பார். ஆறு வரை வரும். பிறகு ஒரு மூச்சு மௌனம். பிறகு இன்னொரு மூச்சு மௌனம். பிறகு "ஒன்பது". ஏழையும் எட்டையும் அவர் யாருக்கும் கொடுக்கவே இல்லை. பிள்ளைகள் அதற்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். "ஜப்பான்ல ஏழு, எட்டு ராசியில்லாத நம்பராம் அங்கிள்" என்று ஒரு வாண்டு எனக்கு விளக்கியது. முதல் மௌனம் யாருக்கு என்று எனக்குத் தெரியும். இரண்டாவது மௌனத்தில் ஒவ்வொரு ஞாயிறும் எனக்குத் தலை குனியும். உன் எண்ணைக் கேட்கவே அவருக்கு மனசில்லை, அவ்வளவு கசப்பு என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கசப்பு நியாயமானது என்றும் நினைத்தேன்.

மூன்று வருடம் கழித்து, மழையில் வகுப்பு நடக்காத ஒரு ஞாயிறு. மில்லின் தகரக் கொட்டகையில் நாங்கள் இருவரும் டீயோடு மாட்டிக்கொண்டோம். இனி ஓட வழியில்லை என்று தோன்றியதும் சொன்னேன். "மாஸ்டர், அன்னிக்கி ஏழு சொன்னது…" என்று தொடங்கும்போதே அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்ண்ணே."

"எப்பலேருந்து?"

"அப்பவே. ரோட்டுல கேட்டப்பவே. மூணு வருஷமா அந்தப் பசங்க குரலு கேக்கறேன், எது யாரு குரல்னு தெரியாதா? அவன் வினோத்துக்கு சொல்றது எனக்கு எப்பவுமே தெரியும். வெளையாட்டுதானன்னு வுட்டுட்டேன். அன்னிக்கும் காதுல வுழுந்துச்சி, இது வினோத் இல்லன்னு. ஆனா அந்த நேரத்துல எல்லாரும் இருக்கணும்னு எனக்கு அவ்ளோ ஆச. காது அத ஒத்துகிச்சி. ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா போதும்ண்ணே. பாக்கல." டம்ளரைக் கீழே வைத்தார். "தப்பா எண்ணிட்டேன்னு சொன்னது உங்க புள்ளைய காப்பாத்த இல்ல. அது நெசம். அவன் சின்னப் பையன், பழக்கத்துல கத்திட்டான். நான் தெரிஞ்சே நம்புனேன்."

நான் அழுதேன். அவர் அழவில்லை. உன்னிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "அவனா கேட்டா சொல்லுங்க" என்றார். நீ எங்கே கேட்கப் போகிறாய்? அந்த வார்த்தையைச் சாக்காக வைத்துக்கொண்டு மேலும் மூன்று வருடம் ஓட்டிவிட்டேன். எட்டைப் பற்றி மட்டும் கேட்கத் தைரியம் வரவில்லை.

தானே புயல் அடித்தபோது நீ சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாய். கடலூர் தெருவெல்லாம் மரம் விழுந்து, கரண்ட் இல்லாமல், போன் இல்லாமல் கிடந்தோம். இரண்டாம் நாள் நம் வீட்டு வாசலில் ஒருவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார், முழங்கால் வரை சேறு. மாஸ்டர். சிதம்பரத்திலிருந்து வந்திருந்தார். "எண்ணிப் பாத்துட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார். அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பையன்?" என்றார். சேலத்தில் பத்திரமாகத்தான் இருப்பான் என்றேன். "இருப்பான்னா? பேசுனீங்களா?" என்றார். பேச முடியவில்லை என்றதும் உன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம், யாரோ ஒருத்தர் போன் பண்ணி, "நல்லா இருக்கியாப்பா?" என்று கேட்டார், இருக்கேன் என்றதும் வைத்துவிட்டார், ராங் நம்பர் போல என்று நீ சொன்னாயே. அது ராங் நம்பர் இல்லை.

இந்தப் பங்குனியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால் போய்விட்டது. பேச்சு குழறுகிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை அவருடைய தம்பியின் மகன் அவரை ஆட்டோவில் கூட்டி வந்து களத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைக்கிறான். பெரிய பிள்ளைகள் சொல்லிக் கொடுக்கிறார்கள், அவர் பார்க்கிறார். எண்ணிக்கை மட்டும் அவருடையது. வலது கையை உயர்த்தினால் தொடங்க வேண்டும்.

இரண்டு வாரம் முன்பு, புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண், பயம் என்றால் என்னவென்று தெரியாத வாயாடி, எண்ணிக்கை முடிந்ததும் நேராக அவர் முன்னால் போய் நின்றது. "மாஸ்டர், ஏன் ஏழும் எட்டும் இல்ல? செத்துட்டாங்களா?" அவர் வாயைக் கோணிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடிச் சொன்னார்.

"ஏழு… வர மாட்டான். எட்டு… லேட்டு."

அந்தப் பெண் விடவில்லை. "அப்ப வந்தா தோப்புக்கரணம் உண்டா?"

அவர் பாதி வாயால் சிரித்தார். ஐந்து விரலையும் விரித்துக் காட்டி, "அம்பது" என்றார்.

நான் ஆறு வருடமாக அந்த வரிசையில் நிற்கிறேன். அந்த இரண்டாவது மௌனத்தைக் கசப்பு என்று ஆறு வருடமாகத் தப்பாக எண்ணியிருக்கிறேன். அவர் உன் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மூச்சு நேரம் உனக்காகக் காத்திருந்திருக்கிறார். அதற்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு நான் சுகர், யோகா என்று உன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம். வினோத்தின் அம்மா இப்போதும் தேவனாம்பட்டினத்தில்தான் இருக்கிறாள். அவளிடம் சொல்ல வேண்டுமா என்பதை நான் முடிவு செய்ய முடியாது. நீ போவதென்றால் நானும் வருவேன், இந்தத் தடவை தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார மாட்டேன். அந்தக் குரலை நீ கொடுக்காமல் இருந்திருந்தால் மாஸ்டர் அவனைத் தேடித் திரும்பிப் போயிருப்பார். போயிருந்தால் வினோத் வந்திருப்பானா, அவரும் தண்ணீரோடு போயிருப்பாரா, ரோட்டில் காத்து நின்ற நீங்கள் எல்லாரும் என்ன ஆகியிருப்பீர்கள், எனக்குத் தெரியாது. எத்தனையோ நாள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன், விடை வரவில்லை. ஒன்று மட்டும் தெரியும். பதினாலு வயதில் நீ கத்தியது உன் கூட்டாளியைத் தோப்புக்கரணத்திலிருந்து காப்பாற்ற. உன்னிடம் வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

வருகிற ஞாயிறு காலை ஐந்தரைக்கு முதல் பஸ். உன் பழைய உடுப்பை அம்மா பரணிலிருந்து எடுத்துத் துவைத்து வைத்திருக்கிறாள். கை முழங்கைக்குத்தான் வரும், பரவாயில்லை. பஸ்ஸில் நான் ஒன்றும் பேச மாட்டேன், நீயும் பேச வேண்டாம். களத்தில் போய் ஆறுக்கு அடுத்து, ஓர் ஆள் நிற்கிற இடம் விட்டு நில். அவர் கையை உயர்த்துவார். ஆறு வரை வரும். பிறகு வருகிற மௌனத்தைத் தொடாதே, அது வினோத்துடையது. அது முடிந்ததும் உன் எண்ணைச் சொல். உன் குரலில் சொல்.

அப்பா